காற்றாலையின் வாட்டை அளக்கும் கருவிகள்: எதற்குக் காசு போடலாம், எதைத் தவிர்க்கலாம்

வீட்டில் கட்டிய காற்றாலை சுற்ற ஆரம்பித்ததும் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட் வருது?" லோடு எதுவும் மாட்டாமல் மல்டிமீட்டரை வைத்து "60 வோல்ட் வருது" என்று சொன்னால் அது பதில் ஆகாது. கரண்ட் ஓடாத வோல்ட்டுக்கு வாட் பூஜ்யம். சரி, லோடு போட்டு 180 வாட் வந்தது என்று சொன்னால்? அதுவும் பாதிப் பதில்தான். எந்தக் காற்றில் வந்தது என்பது மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியை அளப்பதில்தான் பெரும்பாலான வீட்டுச் சோதனைகள் தடுமாறுகின்றன.

இங்கே மதிப்பிடுவது காற்றாலையை அல்ல, அதை அளக்க வாங்கும் சாமான்களை. மனதில் வைத்திருக்கும் மெஷின் இது: 1.8 மீட்டர் விட்டம், மூன்று மர இறக்கை, இரண்டு இரும்புத் தட்டுகளில் தலா 8 நியோடிமியம் மேக்னட், நடுவில் ரெசினில் வார்த்த 6 காயில், 24 வோல்ட் பேட்டரி. ஸ்காட்லாந்தின் ஸ்கோரெய்க் பக்கம் உருவாகி, கையால் கட்டுகிறவர்கள் மூலம் உலகம் முழுக்கப் பரவிய வகை. உங்களுடையது வேறு அளவாக இருந்தால் எண்கள் மாறும், கருவிகள் மாறாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாட் மீட்டர் மலிவானதே போதும். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டருக்கும் அதை நிறுத்தும் கம்பத்துக்கும் போகட்டும். (இனி "5 மீட்டர் காற்று" என்று வந்தால் வினாடிக்கு 5 மீட்டர் என்று படித்துக்கொள்ளுங்கள்.)

காற்றில் உள்ள சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. நம்ம ஊர் வெயிலிலும் ஈரத்திலும் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.15 கிலோ. 1.8 மீட்டர் வட்டத்தின் பரப்பு 2.54 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் 1.46. இதை வேகத்தின் மும்மடியால் பெருக்குங்கள்: 5 மீட்டர் காற்றில் 183 வாட், 8 மீட்டரில் சுமார் 750, 10 மீட்டரில் 1460. இதில் நல்ல கைவேலை பேட்டரி வரைக்கும் கொண்டு சேர்ப்பது 20 முதல் 30 சதவீதம். அனிமோமீட்டர் 10 சதவீதம் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? உண்மையில் 10 மீட்டர் காற்று, கருவி காட்டுவது 9. காற்றில் 1460 வாட் இருக்க, கணக்கில் 1065 மட்டும் நிற்கும். 25 சதவீதம் எடுக்கும் மெஷின் 34 சதவீதம் எடுப்பதாகத் தெரியும். வாட் மீட்டரில் 2 சதவீதப் பிழை என்றால் அது 2 சதவீதத்தோடு போய்விடும். இதனால்தான் இந்தத் தீர்ப்பு.

அனிமோமீட்டர்கள்

கையில் பிடிக்கும் சின்ன விசிறி வகை: ஏசி டக்ட்டில் காற்றைப் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், இந்த வேலைக்கு வேண்டாம். காற்று நேராக வந்தால்தான் சரியாகக் காட்டும், திசை கொஞ்சம் மாறினாலே எண் இறங்கிவிடும். அதைவிட மோசமான விஷயம், அதை ஆள் தலை உயரத்தில் பிடித்துப் படிப்பது. ரோட்டர், அதாவது இறக்கைகளோடு சுற்றும் பகுதி, 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கருவி 2 மீட்டரில் இருக்கிறது. திறந்த வெளியில் வழக்கமாக எடுக்கும் ஏழில் ஒரு பங்கு அடுக்குக் கணக்குப்படி, மேலே வேகம் 1.29 மடங்கு, சக்தி 2.15 மடங்கு. கீழே நின்று அளக்கிறவரின் காற்றாலை இரண்டு மடங்கு கெட்டிக்காரத்தனமாகத் தெரிவது இப்படித்தான். எந்தக் காற்றாலையும் காற்றிலிருந்து எடுக்கக்கூடிய உச்சம் பெட்ஸ் வரம்பு, 59.3 சதவீதம்; சில கணக்குகள் அதையே தாண்டிவிடும். அப்படி வந்தால் இறக்கையை மெச்ச வேண்டாம், அனிமோமீட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வானிலை நிலையங்களோடு உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் மூன்று கிண்ண வகை: விலைக்கு இதைவிட நல்லது இல்லை. உள்ளே ஒரு சின்ன மேக்னட், மேக்னட் பக்கத்தில் வந்தால் ஒட்டும் ஒரு ரீட் சுவிட்ச், இரண்டே ஒயர். பரவலாகக் கிடைப்பதில் வினாடிக்கு ஒரு பல்ஸ் என்றால் மணிக்கு 2.4 கிலோமீட்டர், அதாவது 0.667 மீட்டர் காற்று. 5 மீட்டர் காற்றில் வினாடிக்கு ஏழரை பல்ஸ். குறைகள் மூன்று. முதலாவது, ரீட் சுவிட்ச் ஒட்டும்போது துள்ளும், ஒரு பல்ஸ் இரண்டாகப் பதிவாகும். 20 மீட்டர் புயல் காற்றில்கூட இரண்டு பல்ஸுக்கு நடுவே 33 மில்லி வினாடி இடைவெளி இருக்கும். ஆகவே 10 மில்லி வினாடிக்குள் வரும் இரண்டாவது பல்ஸை புரோகிராமில் தூக்கி எறியுங்கள், ஒயர் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போடுங்கள். இரண்டாவது, பேரிங் தரம் குறைவு. தூசி சேர்ந்தால், சிலந்தி வலை பின்னினால், கடற்கரையில் உப்பு படிந்தால், 2, 3 மீட்டர் காற்றில் கிண்ணம் அசையாது. இறக்கை சுற்றிக்கொண்டிருக்க அனிமோமீட்டர் பூஜ்யம் காட்டும். மூன்றாவது எல்லாக் கிண்ண வகைக்கும் பொது: காற்று ஏறும்போது சட்டென்று வேகம் பிடிக்கும், இறங்கும்போது மெதுவாகத்தான் தணியும். குலுக்கல் காற்றில் சராசரி கொஞ்சம் கூடுதலாக விழும்.

பெட்டியில் போட்ட 2.4 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இலை அசையாத விடியற்காலையில், நேரான காலிச் சாலையில், வண்டிக்கு முன்பக்கம் நீட்டிய உயரமான குழாயில் மாட்டி, ஜிபிஎஸ்ஸில் 36 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். அது சரியாக 10 மீட்டர் காற்று. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று எண்ணி சராசரி எடுங்கள். கூரைக்கு ஒட்டி மாட்டினால் வண்டியின் மேல் ஏறி வரும் காற்று வேகம் பிடித்து எண்ணைக் கெடுத்துவிடும். ஓட்டுகிறவர் ஓட்டட்டும், படிக்க இன்னொருவர் உட்காரட்டும்.

காலிபரேஷன் சான்றிதழோடு வரும் தொழில்முறை கிண்ண அனிமோமீட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக இருக்கும், விலை மொத்தக் காற்றாலையின் செலவைத் தொடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, அவரவர் பிளாஸ்டிக் கருவியை அதன் பக்கத்தில் ஒரு வாரம் நிறுத்தி ஒப்பிட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

கம்பம்தான் பாதிக் கருவி. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 61400-12-1 என்ற தரம் அனிமோமீட்டரை ரோட்டர் விட்டத்தைப் போல 2 முதல் 4 மடங்கு தூரத்தில் நிறுத்தச் சொல்கிறது, இரண்டரை மடங்கு விருப்பம். நம் மெஷினுக்கு 3.6 முதல் 7.2 மீட்டர், நடுவில் 4.5. உயரம் ரோட்டர் நடுமட்டத்துக்குச் சமம். காற்று பெரும்பாலும் வரும் திசையின் பக்கம் நிறுத்துங்கள், பின்பக்கம் நிறுத்தினால் ரோட்டர் உறிஞ்சிவிட்டு அனுப்பிய மிச்சக் காற்றைத்தான் அளப்பீர்கள். அதே டவரில் ஒரு கை நீட்டி மாட்டுவது வசதியாக இருக்கும், ஆனால் திசை மாறும்போது குழாயின் நிழலிலோ ரோட்டரின் நிழலிலோ விழும். மொட்டை மாடிப் பாராப்பெட்டில் நிறுத்திய கருவியின் எண்ணைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

வாட் மீட்டர்கள்

அளக்க வேண்டிய இடம் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையருக்குப் பின்னால், டிசி பக்கம், பேட்டரி முனையில். ஏசி பக்கம் மூன்று ஒயரில் அளக்கப் போனால் ஃப்ரீக்வென்சி காற்றோடு ஏறி இறங்கும், ரெக்டிஃபையர் கரண்ட்டின் வடிவத்தைச் சிதைக்கும், சாதா மல்டிமீட்டர் காட்டுவது எதுவும் உண்மை வாட் ஆகாது. பேட்டரி வோல்ட்டைப் பிடித்து நிறுத்துவதால் டிசி பக்கம் வோல்ட் பெருக்கல் ஆம்பியர் நேர்மையாக வாட் தரும்.

ஷண்ட்டும் இரண்டு மல்டிமீட்டரும்: பழைய முறை, இன்றைக்கும் முதல் இடம். ஷண்ட் என்பது கரண்ட் போகும் வழியில் மாட்டும் மிகச் சிறிய ரெசிஸ்டர்; 50 ஆம்பியர் 75 மில்லிவோல்ட் ஷண்ட் என்றால் 1.5 மில்லிஓம், அவ்வளவுதான். 10 ஆம்பியர் போனால் 15 மில்லிவோல்ட். 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் மல்டிமீட்டர் 0.1 வரை படிக்கும், அது 0.07 ஆம்பியருக்குச் சமம். மீட்டர் ஒயரைச் சின்ன ஸ்க்ரூவில் மாட்டுங்கள். பெரிய போல்ட்டில் லக்கோடு சேர்த்து மாட்டினால் அந்த ஜாயிண்ட்டின் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் நுழைந்து கரண்ட் கூடுதலாகத் தெரியும். ஷண்ட்டைத் தொடர்ந்து முழு அளவில் ஓட்ட வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு போதும்.

ஷண்ட்டோடு வரும் நீலத் திரை பேனல் மீட்டர்: பிஇசட்இஎம்-051 வகை, 6.5 முதல் 100 வோல்ட், 100 ஆம்பியர், வோல்ட், ஆம்பியர், வாட், வாட்-அவர் நாலும் ஒரே திரையில். நம் வேலைக்குத் தாராளம். வாட்-அவர் எண்ணிக்கை தினசரி விளைச்சலைப் பார்க்க அருமை. ஒரே ஒரு விஷயத்தில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது: ஷண்ட் நெகட்டிவ் லைனில் உட்காரும். காற்றாலையின் நெகட்டிவ், சோலார் கன்ட்ரோலரின் நெகட்டிவ், எர்த் எல்லாம் வேறெங்கோ ஒன்றாகச் சேர்ந்திருந்தால் கரண்ட்டின் ஒரு பகுதி ஷண்ட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும், மீட்டர் குறைத்துக் காட்டும். காற்றாலை நெகட்டிவ் பேட்டரியைத் தொட ஒரே வழிதான் இருக்க வேண்டும், அந்த வழி ஷண்ட் வழியாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்கு பிஇசட்இஎம்-017 பொருத்தம். 300 வோல்ட் வரை, ஆர்எஸ்485 வழியாக மாட்பஸ்ஸில் எண்களைத் தரும், திரை கிடையாது.

கிளாம்ப் மீட்டர்: கடையில் "கிளாம்ப் மீட்டர் கொடுங்க" என்றால் ஏசி மட்டும் அளக்கும் ஒன்றைத்தான் பெரும்பாலும் எடுத்து நீட்டுவார்கள். டிசி அளக்க ஹால் சென்சார் உள்ளது வேண்டும். யூனி-டி யூடி210இ போன்ற ஒன்று போதும். ஒவ்வொரு முறையும் ஒயரில் மாட்டும் முன் ஜீரோ பட்டனை அழுத்துங்கள். பூமியின் காந்தப்புலமே சில பத்து மில்லிஆம்பியர் காட்ட வைக்கும். சரிபார்க்க நல்லது, நாள் முழுக்கப் பதிவு செய்ய அல்ல.

ஆர்டுவினோ போன்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகளில் மாட்டும் கரண்ட் சென்சார்களில் ஏசிஎஸ்712 வேண்டாம். 30 ஆம்பியர் வகையில் ஒரு ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட், நடுப்புள்ளி 2.5 வோல்ட். சப்ளை வோல்ட் ஆடினால் நடுப்புள்ளியும் ஆடும், சூட்டில் நகரும். 2 ஆம்பியர் காற்றில் கால் ஆம்பியர் தவறு வந்தால் என்ன பயன்? ஐஎன்ஏ219 போர்டில் 0.1 ஓம் ரெசிஸ்டர் பொருத்தியே வரும், 3.2 ஆம்பியரோடு சரி. முதல் நல்ல காற்றிலேயே கருகும். ஐஎன்ஏ226 எடுத்து, அதன் மேலுள்ள ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, வெளியே 75 மில்லிவோல்ட் ஷண்ட்டை மாட்டினால் அழகாக வேலை செய்யும். அதன் உள்ளீடு 81.92 மில்லிவோல்ட் வரை தாங்கும். வோல்ட் எல்லை 36, ஆகவே 24 வோல்ட் பேட்டரி வரைதான், 48 வோல்ட் சிஸ்டத்தில் மாட்டாதீர்கள். இஎஸ்பி32 போர்டின் உள் ஏடிசி (வோல்ட்டை எண்ணாக்கும் பகுதி) நேர்கோட்டில் படிக்காது, அதை நம்பி வோல்ட் அளக்க வேண்டாம்.

ரெக்டிஃபையரும் ஒயரும் தின்னும் பங்கு

ஐந்து முனை மூன்று ஃபேஸ் பிரிட்ஜ் வாங்குங்கள், எஸ்கியூஎல்50ஏ வகை எங்கும் கிடைக்கும். எந்த நேரமும் இரண்டு டயோடு வழியாகத்தான் கரண்ட் போகும், அதில் ஒன்றரை வோல்ட் போலப் போய்விடும். 12 வோல்ட் சிஸ்டத்தில் இது பத்தில் ஒரு பங்கு, 24-இல் இருபதில் ஒன்று. 12 வோல்ட்டில் கட்டியவர்களின் எண் குறைவாக வருவதற்கு இறக்கையைத் திட்டும் முன் இதைக் கழித்துப் பாருங்கள். மேலே அச்சடித்த 50 ஆம்பியர் என்பது தடிமனான அலுமினிய ஹீட் சிங்க்கில், ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி இறுக்கினால் மட்டும். 20 ஆம்பியரிலேயே 30 வாட் சூடு. பிளைவுட் பலகையில் ஸ்க்ரூ போட்டு மாட்டினால் ஆடிக் காற்று வரை தாங்காது.

ஒயர்: 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 ஓம். டவரிலிருந்து பேட்டரி வரை 25 மீட்டர் என்றால் போக வர கால் ஓம். 12 ஆம்பியரில் 3 வோல்ட், 36 வாட். இந்த நஷ்டம் மெஷினுடையதா, ஒயருடையதா என்று பிரித்துத் தெரிய வேண்டும் என்றால் டவர் அடியிலும் பேட்டரியிலும் ஒரே நேரத்தில் வோல்ட் பாருங்கள்.

டவரில் ஏற்றும் முன் பெஞ்ச் சோதனை

இதற்கு வேண்டிய கருவிகளில் சிறந்தது பயணப் பெட்டி தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசு. உண்மையாகவே. ஸ்டேட்டரை, அதாவது ரெசினில் வார்த்த காயில் வட்டைப் பிடித்திருக்கும் ஷாஃப்ட்டைச் சுதந்திரமாகத் திரும்ப விட்டு, அதில் அரை மீட்டர் நீளத்தில் ஒரு கை வைத்து, கை நுனியைத் தராசில் மாட்டுங்கள். ரோட்டரை கியர் மோட்டாராலோ லேத்தின் மெதுவான கியராலோ சுற்றுங்கள். (கை டிரில் இந்த வேகத்தில் இந்த முறுக்குக்குத் தாங்காது, புகைந்துவிடும்.) தராசு 2 கிலோ காட்டினால் முறுக்கு 2 × 9.81 × 0.5, அதாவது 9.81 நியூட்டன் மீட்டர். 300 ஆர்பிஎம்மில் அது 308 வாட் உள்ளே போகிறது. டிசி பக்கம் 200 வாட் வந்தால் ஆல்டர்னேட்டரும் ரெக்டிஃபையரும் சேர்ந்து 65 சதவீதம். சில நூறு ரூபாய் தராசு இந்த எண்ணைத் தருகிறது, வேறு எந்த மின் மீட்டரும் தராது.

ஆர்பிஎம் பார்க்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் இருந்தால் இரண்டு ஃபேஸ் ஒயரில் வைத்துப் படியுங்கள். 8 மேக்னட் என்றால் 4 ஜோடி, ஹெர்ட்ஸை 15-ஆல் பெருக்கினால் ஆர்பிஎம். 12 மேக்னட் தட்டு என்றால் 10-ஆல். 20 ஹெர்ட்ஸ் வந்தால் 8 மேக்னட் மெஷின் 300 ஆர்பிஎம்மில் ஓடுகிறது.

மூன்று ஒயர்களுக்கு நடுவே வோல்ட்டை மூன்று ஜோடியாகப் பாருங்கள். ஸ்டாரில், அதாவது மூன்று ஃபேஸின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து முடிந்திருந்தால் மூன்றும் சமமாக வர வேண்டும். ஒரு ஜோடி முழுசாகவும் மற்ற இரண்டும் அதில் 58 சதவீதமாகவும் வந்தால், இரண்டு தவறுகளில் ஒன்று நடந்திருக்கிறது, ஆனால் எது என்று இந்த அளவீடு சொல்லாது. ஸ்டார் முனையிலிருந்து ஒவ்வொரு ஃபேஸையும் தனியாக அளங்கள். ஒரு ஃபேஸ் பூஜ்யம் என்றால் அந்த ஃபேஸின் இரண்டு காயில்களில் ஒன்று தலைகீழாகச் சேர்ந்து மற்றதை அடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று ஃபேஸும் சமம் என்றால் காயில்கள் சரி, ஒரு முழு ஃபேஸின் தொடக்கமும் முடிவும் மாறிவிட்டது. இரண்டாவது தவறு வெளி ஒயரிலேயே சரியாகும். முதலாவதுக்கு ரெசின் ஊற்றியிருந்தால் வருத்தம்தான். அதனால் இந்தச் சோதனையை வார்ப்பதற்கு முன்பே, காயில்களை அச்சில் தற்காலிகமாக அடுக்கி, ரோட்டரைக் கையால் சுற்றி முடித்துவிடுங்கள்.

காயில் ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் அளக்க முடியாது, அதன் ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும். 12 வோல்ட் பேட்டரியோடு வண்டி ஹெட்லைட் பல்ப் ஒன்றைத் தொடராக மாட்டி, இரண்டு ஃபேஸ் வழியாகக் கரண்ட்டை விடுங்கள். 4.2 ஆம்பியர் போய், ஃபேஸ் முனைகளில் 2.5 வோல்ட் வந்தால் 0.6 ஓம். 10 ஆம்பியர் உற்பத்தியில் இந்த ஸ்டேட்டர் சுமார் 60 வாட்டைச் சூடாகத் தின்னும். சூடு 60 டிகிரி ஏறினால் காப்பர் ரெசிஸ்டன்ஸ் 23 சதவீதம் கூடும். காலையில் அளந்த வாட் மதியம் குறைவது இதனால்தான்.

லோடு: பேட்டரி வேண்டும், ஹீட்டர் காயிலும் வேண்டும்

வெறும் ரெசிஸ்டரைப் போட்டுக் காற்றாலையைச் சோதிப்பது தவறான முறை. 1 ஓம் ரெசிஸ்டர் மெல்லிய காற்றில் கிட்டத்தட்ட ஷார்ட் போல நடந்து, ரோட்டரை வேகம் பிடிக்கவே விடாது. வாட் மோசமாக வரும், இறக்கையில் குறை இல்லாமலே. பேட்டரிதான் சரியான லோடு. அது நிறைந்திருக்கக் கூடாது. 24.5 வோல்ட்டில் ஒரு வாட், 28.5 வோல்ட்டில் அதே காற்றுக்கு வேறு வாட், ஆகவே ஒவ்வொரு பதிவிலும் பேட்டரி வோல்ட்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

பேட்டரி நிறைந்ததும் கன்ட்ரோலர் கரண்ட்டைத் திருப்பிவிட டம்ப் லோடு, அதாவது மிச்சக் கரண்ட்டைச் சூடாக எரிக்கும் லோடு தேவை. சோலாருக்கான கன்ட்ரோலரை மாட்டாதீர்கள், அது நிறைந்ததும் லைனைத் துண்டிக்கும். லோடு போன ரோட்டர் வேகம் பிடித்து 24 வோல்ட் மெஷின் 100 வோல்ட்டைத் தாண்டும், கன்ட்ரோலரும் போகும், இறக்கையும் போகலாம்.

டம்ப் லோடாக 230 வோல்ட் 1000 வாட் ஹீட்டர் காயிலை அப்படியே 24 வோல்ட்டில் மாட்டுவது அடிக்கடி பார்க்கும் தவறு. அதன் ரெசிஸ்டன்ஸ் 53 ஓம், 24 வோல்ட்டில் 11 வாட் மட்டும் இழுக்கும். அதே காயிலை 7 சம துண்டாக வெட்டி இணையாக மாட்டுங்கள். ஒவ்வொன்றும் 7.6 ஓம், மொத்தம் 1.08 ஓம். 28 வோல்ட்டில் 26 ஆம்பியர், 725 வாட். ஒவ்வொரு துண்டிலும் 3.7 ஆம்பியர், காயில் 230 வோல்ட்டில் சுமந்த 4.35-ஐவிடக் குறைவு, ஆகவே பயமில்லை. நிக்ரோமில் சால்டர் ஒட்டாது, பீங்கான் கனெக்டரில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். சிமெண்ட் ஷீட்டில் மாட்டுங்கள், பலகையில் அல்ல. டம்ப் லோடைத் துடிப்பாக ஆன் ஆஃப் செய்யும் கன்ட்ரோலர் ஓடும் நிமிடங்களை பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள், மலிவு மீட்டர் அந்தத் துடிப்பைத் தவறாகப் படிக்கும்.

பதிவு

மீட்டரையும் அனிமோமீட்டரையும் மாறி மாறிப் பார்த்து நோட்டில் எழுதினால் எதுவும் பொருந்தாது. காற்று 4.5 மீட்டர் தள்ளி இருக்கும் கம்பத்தை முதலில் தொடும், ரோட்டர் கனமானது, ஒன்றிரண்டு வினாடி பின்தங்கும். வினாடிக்கு ஒரு முறை காற்று வேகம், வோல்ட், ஆம்பியர், வாட் நான்கையும் மெமரி கார்டில் எழுதி, பிறகு 1 நிமிட சராசரி எடுங்கள். அந்தச் சராசரிகளை 0.5 மீட்டர் அகலக் கட்டங்களில் போடுங்கள். ஐஇசி தரத்தின் சின்னக் காற்றாலைப் பகுதி சொல்வது இதுதான்: ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 10 நிமிடப் பதிவு, மொத்தம் 60 மணி நேரம். கயத்தாறில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையத்தில் நடப்பதும் இந்தத் தரத்தை ஒட்டித்தான், கருவியின் விலை மட்டும் வேறு.

ஏன் 10 நிமிட சராசரி எடுக்கக் கூடாது? பாதி நேரம் 4 மீட்டர், பாதி நேரம் 8 மீட்டர் காற்று என்று வையுங்கள். சராசரி 6, அதன் மும்மடி 216. ஆனால் மும்மடிகளின் சராசரி 288. காற்றில் மூன்றில் ஒரு பங்கு சக்தி கூடுதலாக இருந்திருக்கிறது, சராசரி அதை மறைத்துவிட்டது. நேரம் நீண்டால் இந்த மறைப்பும் வளரும், காற்றாலை தகுதிக்கு மேல் நன்றாகத் தெரியும்.

கடையில் விற்கும் பெட்டிகளின் வாட்டையும் இதே கணக்கில் உரசலாம். 1.2 மீட்டர் ரோட்டர், "10 மீட்டர் காற்றில் 400 வாட்" என்று போட்டிருந்தால்: பரப்பு 1.13 சதுர மீட்டர், காற்றில் 650 வாட், பெட்ஸ் வரம்பு 386. அந்த 400 வர வழியே இல்லை. அரை மீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரத்தில் செங்குத்து டப்பா ஒன்று "1000 வாட்" என்று வந்தால், 12 மீட்டர் காற்றில்கூட அதன் முன்னால் வருவது 350 வாட் காற்று. மீட்டரை வெளியே எடுக்கவே தேவையில்லை.

சோதனையை முடித்து இறக்கும்போது மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்து நிறுத்துவது வழக்கம். காற்று தணிந்த இடைவெளியில் செய்யுங்கள். பலமான காற்றில் ரோட்டர் முழு வேகத்தில் இருக்கும்போது ஷார்ட் செய்தால் அது நிற்காமல் சுற்றிக்கொண்டே ஸ்டேட்டரைச் சமைத்துவிடும்.

கடைசியாகப் பருவம். வால் மடங்கி ரோட்டர் காற்றிலிருந்து விலகத் தொடங்கும் 10, 11 மீட்டர் கட்டங்கள்தான் இந்த மெஷினின் குணத்தைக் காட்டும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அவை வைகாசி முதல் ஆவணி வரை மதியங்களில் தானாக நிரம்பும். மற்ற ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை அந்தக் கட்டங்களைக் காலியாக விடுங்கள். 7 மீட்டர் வரை வந்த கோட்டை ஸ்கேல் வைத்து மேலே நீட்டினால், வால் மடங்கியதும் கோடு கீழே விழுவது அந்தப் படத்தில் இருக்காது.